கடல் எல்லாம் இல்லை, ஈரம்தான்

"பூமிக்கு அடியில் மூன்று மடங்கு கடல் கண்டுபிடிப்பு!" என்ற செய்தி வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவர் புண்ணியத்தில் என் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்துவிடும். கூடவே பாறைக் குகைக்குள் நீல நிறத்தில் அலையடிக்கும் ஒரு பாதாளக் கடலின் படம். நான் நிலவியல் படித்தவன் என்று தெரிந்துதான் அனுப்புகிறார்கள், "உண்மையாடா?" என்று கீழே ஒரு வரியும் இருக்கும். பாதி உண்மை. 2014-ல் வெளியான இரண்டு ஆய்வுக் கட்டுரைகள்தான் இதற்கெல்லாம் மூலம். அவற்றில் கடல் கிடையாது, குளம்கூடக் கிடையாது. இருப்பது பாறையின் படிகத்துக்குள் அணு அணுவாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன். மொத்தமாகக் கூட்டினால் கடலளவு வரும் என்று ஒரு கணக்கு போட்டார்கள், செய்தித்தாள்கள் அந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டன. எனக்கு இதில் ஆச்சரியம் அளவு பெரிதாக இருப்பதில் இல்லை. லட்சத்தில் சில பங்கு இருந்தாலே அந்தப் பாறையின் வலு, உருகும் வெப்பநிலை, மின்சாரம் கடத்தும் தன்மை எல்லாம் மாறிவிடுகிறதே, அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் அந்த வைரக்கதை, ஏனென்றால் அது நன்றாக இருக்கிறது.

பிரேசிலில் மாட்டோ குரோசோ மாநிலத்தில் ஜுயினா என்று ஒரு ஊர். அங்கே ஆற்றுச் சரளையைச் சலித்து வைரம் தேடிப் பிழைக்கிறவர்கள் உண்டு. 2008-ல் அவர்களிடம் கிடைத்த ஒரு கல், 3 மில்லிமீட்டர் நீளம், அழுக்குப் பழுப்பு, எந்த நகைக்கடையும் சீந்தாது. கனடாவின் அல்பெர்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரஹாம் பியர்சனின் குழு அதைச் சுமார் 20 டாலருக்கு வாங்கியது. அவர்கள் தேடியது வேறொரு கனிமத்தை. அடுத்த வருடம் ஜான் மெக்நீல் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்த வைரத்துக்குள் கண்ணுக்கே தெரியாத, ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு துகளைப் பார்த்தார். அது ரிங்வுடைட். அதை உறுதிசெய்யவே பல வருடங்கள் ஆகி, 2014 மார்ச்சில்தான் கட்டுரை வந்தது.

ரிங்வுடைட்டின் மவுசு என்னவென்றால், பூமிக்குள் 520 கிலோமீட்டரிலிருந்து 660 கிலோமீட்டர் வரை பாறையில் பெரும்பகுதி அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பூமியிலிருந்து வந்த ஒரு துண்டைக்கூட அதுவரை யாரும் பார்த்ததில்லை. 1879-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டென்ஹாம் என்ற இடத்தில் விழுந்த விண்கல்லில் 1969-ல் அதைக் கண்டுபிடித்து, உயர் அழுத்தக் கனிம ஆய்வில் பெரிய கையான டெட் ரிங்வுட்டின் பெயரை வைத்தார்கள். ஆய்வகத்தில் செய்தும் பார்த்துவிட்டார்கள். ஆனால் அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே வரும் வழியில் அழுத்தம் குறையக் குறைய அது ஒலிவின் என்ற சாதாரணக் கனிமமாக மாறிப்போகும். இந்தத் துகளைச் சுற்றி வைரம் இருந்தது, வைரம் விட்டுக்கொடுக்காது, உள்ளே அழுத்தம் அப்படியே நின்றுவிட்டது. துகளுக்குள் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தியபோது, ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைந்திருந்தால் எந்த அலைநீளத்தில் ஒளி விழுங்கப்படுமோ அங்கே விழுங்கப்பட்டிருந்தது. கணக்குப் பார்த்தால் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டித் தண்ணீர். அப்புறம் 2022-ல் போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கத்து வைரம் ஒன்றிலும் ரிங்வுடைட் கிடைத்தது, அதிலும் ஹைட்ரஜன் இருந்தது. ஆக ஜுயினாவில் கிடைத்தது தற்செயலான ஒற்றைக் கல் என்று ஒதுக்க முடியாமல் போனது. அதற்காக அந்த ஆழம் முழுக்கவே இப்படித்தான் ஈரமாக இருக்கிறது என்று சொல்வதும் இரண்டு துகளை வைத்துக்கொண்டு ஒரு கோளத்தையே அளப்பதாகும். பியர்சன் குழுவே "குறைந்தபட்சம் அந்த இடத்திலாவது" என்று அடக்கித்தான் எழுதியது.

சரி, கல்லுக்குள் தண்ணீர் எப்படிப் போய் உட்காருகிறது?

பள்ளிப் புத்தகத்தில் கவசம் என்று படித்தோமே, அந்த மேன்டிலின் மேல்பகுதியில் பாதிக்கு மேல் ஒலிவின். நகைக்கடையில் பெரிடாட் என்ற பெயரில் விற்கும் பச்சைக்கல்லும் அதுதான். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கறுப்பு எரிமலைக்கல் இருந்தது. அதன் நடுவில், பச்சைக் கற்கண்டை நொறுக்கிப் பதித்தது போல, உள்ளங்கை அளவில் ஒரு மேன்டில் துண்டு. எரிமலைக் குழம்பு மேலே வரும்போது வழியில் பிய்த்துக்கொண்டு வந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணியும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், எங்கேயும் ஈரத்தின் அறிகுறியே தெரியாது. மக்னீசியம், கொஞ்சம் இரும்பு, சிலிக்கான், ஆக்சிஜன், அவ்வளவுதான் என்று பாடத்தில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். வாய்பாட்டில் ஹைட்ரஜனுக்கு இடமே கிடையாது.

ஆனால் எந்தப் படிகமும் வாய்பாட்டில் உள்ளபடி முழுசாக இருப்பதில்லை. அங்கங்கே ஒரு மக்னீசியம் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். மக்னீசியத்துக்கு இரண்டு நேர் மின்னூட்டம், அது போன இடத்தை ஈடுகட்ட இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வந்து, பக்கத்து ஆக்சிஜன்களைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். இதைத்தான் நாங்கள் வசதிக்காகத் தண்ணீர் என்று சொல்கிறோம். பாறை உருகினாலோ வேறு கனிமமாக மாறினாலோ இந்த ஹைட்ரஜன் ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டு நிஜத் தண்ணீராக வெளியேறவும் முடியும், ஆகவே பெயர் ஒன்றும் பொய்யில்லை.

மேலோட்டமான ஆழத்தில் ஒலிவினால் ரொம்பக் கொஞ்சம்தான் இப்படித் தாங்க முடியும். ஆழம் கூடக் கூட, அழுத்தத்தோடு அதன் கொள்ளளவும் கூடும். 410 கிலோமீட்டரில், அதாவது காற்றழுத்தத்தைப் போல சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் மடங்கு அழுத்தத்தில், ஒலிவின் அதே வேதிச் சேர்க்கையோடு வாட்ஸ்லியைட் என்ற வேறு கட்டமைப்புக்கு மாறுகிறது. அங்கேதான் நிலைமை தலைகீழ். 1987-ல் அமெரிக்காவின் ஜோசப் ஸ்மித் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: வாட்ஸ்லியைட்டில் ஓர் ஆக்சிஜன் எந்தச் சிலிக்கானோடும் சேராமல், பிணைப்பு போதாமல் நிற்கிறது. அப்படியானால் அதை ஹைட்ரஜன் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், இந்தக் கனிமம் எடையில் 3 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் தாங்கும் என்று எழுதினார். கட்டமைப்பைப் பார்த்துச் சொன்ன கணிப்பு. 90-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அழுத்த இயந்திரங்களில் செய்து பார்த்தபோது வாட்ஸ்லியைட், ரிங்வுடைட் இரண்டுமே 2 முதல் 3 சதவீதம் வரை வாங்கிக்கொண்டன. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த முன்கணிப்பு இதுதான். ஜுயினா வைரம் வந்து அதற்குச் சாட்சி சொல்ல 27 வருடம் ஆனது.

இப்போது அந்தக் கடல் கணக்கை நாமே போட்டுவிடலாம். உலகக் கடல்களின் மொத்த எடை மேன்டிலின் எடையில் கிட்டத்தட்ட 3,000-ல் ஒரு பங்கு. அதாவது ஒரு டன் மேன்டில் பாறையில் 350 கிராம் தண்ணீர் இருந்தால் போதும், கீழே இன்னொரு கடல் இருக்கிறது என்று தலைப்பு போட்டுவிடலாம். 410-க்கும் 660-க்கும் இடைப்பட்ட வலயம் மேன்டிலில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அது முழுக்க ஒரு சதவீதம் ஈரம் என்று வைத்தால் மூன்று கடல் வந்துவிடும். "முழுக்க" என்ற அனுமானத்தில்தான் வாட்ஸ்அப் செய்தி நிற்கிறது.

கடலடி மலைத்தொடர்களில் வெளிவரும் பசால்ட் என்ற எரிமலைப் பாறையை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், அதற்கு மூலமான மேல் மேன்டிலில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 100 முதல் 200 கிராம் வரைதான் தண்ணீர். இவ்வளவு சொற்பம் என்ன செய்துவிடும் என்று யாருக்கும் தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது, 1965 வரை.

அந்த வருடம் டேவிட் கிரிக்ஸும் ஜேம்ஸ் பிளாசிக்கும் கலிபோர்னியாவில் குவார்ட்ஸ் படிகங்களைச் சூடாக்கி அழுத்திப் பார்த்தார்கள். இயற்கைக் குவார்ட்ஸ் இரும்புப் பிடிவாதம், எளிதில் வளைந்து கொடுக்காது. மின்னணுக் கருவிகளுக்காகத் தொழிற்சாலையில் வளர்க்கும் செயற்கைக் குவார்ட்ஸும் பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனால் சில நூறு டிகிரி வெப்பத்திலேயே துவண்டுவிட்டது. வித்தியாசம் என்ன என்று தேடினால், செயற்கைப் படிகத்தைச் சூடான நீர்க்கரைசலில் வளர்ப்பதால் அதற்குள் துளி ஹைட்ரஜன் சிக்கியிருந்தது. சிலிக்கானையும் ஆக்சிஜனையும் இணைக்கும் பாலம் ஒன்றை ஹைட்ரஜன் உடைத்துவிட்டால், அந்த இடத்தில் படிகத்தின் குறைகள் நகர்வது சுலபமாகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். பின்னால் ஒலிவினிலும் இதே மாதிரியான பலவீனத்தைப் பார்த்தார்கள்.

இதை வைத்து 1996-ல் கிரெக் ஹர்த்தும் டேவிட் கோல்ஸ்டெட்டும் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த விஷயத்தின் மேல் பைத்தியமே பிடித்தது. கடலடி மலைத்தொடருக்குக் கீழே மேன்டில் மெல்ல மேலேறுகிறது. ஈரமுள்ள பாறை சீக்கிரமே, அதாவது காய்ந்த பாறை உருகும் ஆழத்துக்கு வெகு கீழேயே, துளித்துளியாக உருகத் தொடங்குகிறது. ஹைட்ரஜனுக்குப் படிகத்தைவிட உருகிய குழம்புதான் பிடிக்கும், வாய்ப்பு கிடைத்ததும் அங்கே தாவிவிடும். ஆக அரை சதவீதம், ஒரு சதவீதம் உருகுவதற்குள் மிச்சமிருக்கும் பாறை காய்ந்துபோகிறது. காய்ந்ததும் இறுகுகிறது, அவர்கள் கணக்கில் பாகுத்தன்மை சில நூறு மடங்கு உயர்கிறது. கடலடித் தட்டின் அடித்தளம் எங்கே என்பதைக் குளிர்ச்சி மட்டும் தீர்மானிக்கவில்லை, எந்த ஆழத்தில் பாறை தன் ஈரத்தை இழந்தது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்ற முடிவு அதிலிருந்து வருகிறது. காய்ந்த தட்டு மேலே, கொஞ்சம் ஈரமான இளக்கமான அடுக்கு கீழே, மேலே உள்ளது கீழே உள்ளதன் மீது நகர்கிறது. வெள்ளிக் கிரகம் கிட்டத்தட்ட பூமியின் அளவுதான், ஆனால் அங்கே தட்டுகள் நகர்வதில்லை. அதன் உட்புறம் காய்ந்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறவர்கள் நிறைய. சந்தேகம்தான், வெள்ளியின் மேன்டில் துண்டு எதுவும் நம் கையில் இல்லை.

உருகும் வெப்பநிலையைப் பற்றிச் சொல்ல நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பாரன் தீவு, இந்தியாவில் இன்றும் குமுறும் ஒரே எரிமலை. 1787-ல் கப்பல்காரர்கள் அது வெடித்ததைப் பதிவுசெய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அடங்கியது, 1991-ல் மறுபடி விழித்தது, அதற்கப்புறமும் பல தடவை புகைந்திருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது? வங்காள விரிகுடாவின் தரை அந்தமானுக்கு அடியில் சரிந்து உள்ளே போகிறது. பழைய, குளிர்ந்த தட்டு, உள்ளே போனால் பக்கத்துப் பாறையையும் குளிரவைக்கத்தானே வேண்டும், எரிமலை எப்படி வருகிறது? தட்டு தன்னோடு கடல் தண்ணீரைக் கனிமங்களுக்குள் கட்டி எடுத்துப்போகிறது. 100 கிலோமீட்டரை ஒட்டிய ஆழத்தில் அந்தக் கனிமங்கள் பிடித்து வைத்ததை விட்டுவிடுகின்றன, தண்ணீர் மேலே உள்ள மேன்டிலுக்குள் ஊடுருவுகிறது, உருகும் வெப்பநிலை பல நூறு டிகிரி இறங்குகிறது. சூடு ஏறவே வேண்டாம், இருக்கிற சூட்டிலேயே பாறை உருகிவிடும். சுமத்ரா, ஜாவா, ஜப்பான், சிலி எங்கும் இதே கதை. கடலடி மலைத்தொடர் பசால்ட்டில் தண்ணீர் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 சதவீதம், இந்த மாதிரி எரிமலைகளின் மாக்மாவில் சராசரியாக 4 சதவீதம். ஒன்று அமைதியாக வழிவதற்கும் இன்னொன்று வெடித்துச் சிதறுவதற்கும் இந்த வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

தட்டில் இருப்பதெல்லாம் 100 கிலோமீட்டரிலேயே வெளியேறிவிடுவதில்லை. தட்டு போதுமான அளவு குளிர்ந்திருந்தால் அதில் தண்ணீரைக் கட்டிவைத்திருக்கும் செர்பன்டைன் என்ற கனிமத்திலிருந்து வேறு கனிமங்களுக்குத் தண்ணீர் கைமாறிப் போகும். அந்தக் கனிமங்களுக்குப் பெயர் வைக்கக்கூடப் பொறுமையில்லாமல் ஏ, பி, டி, ஈ என்று எழுத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு பங்கு 410-க்குக் கீழே இறங்கி வாட்ஸ்லியைட்டிலும் ரிங்வுடைட்டிலும் சேர்கிறது. 660-இல் ரிங்வுடைட் உடைந்து பிரிட்ஜ்மனைட் என்ற கனிமமும் இன்னொரு ஆக்சைடுமாக மாறுகிறது, அவை இரண்டுமே தண்ணீரை அதிகம் ஏற்காதவை. அப்படியானால் ஈரமான பாறை 660-ஐத் தாண்டிக் கீழே தள்ளப்பட்டால், மிஞ்சும் தண்ணீர் வெளியேறி அங்கே கொஞ்சம் உருக வேண்டும். 2014-ன் இரண்டாவது கட்டுரை இதுதான்: பிராண்டன் ஷ்மாண்ட், ஸ்டீவன் ஜேக்கப்சன் குழு, அமெரிக்கா முழுக்கப் பரப்பிவைத்திருந்த நில அதிர்வுக் கருவிகளின் பதிவைப் பார்த்து, மேன்டில் கீழ்நோக்கி ஓடும் இடங்களில் 660-க்குச் சற்றுக் கீழே அலை வேகம் குறைவதைக் காட்டியது. கூடவே ஆய்வகத்தில் ஈரமான ரிங்வுடைட்டை அழுத்தி உருகியதையும் காட்டியது. மேல் எல்லையில் இதற்கு நேர் எதிர். வாட்ஸ்லியைட் மேலேறி 410-ஐத் தாண்டி ஒலிவினாக மாறும்போது கொள்ளளவு சட்டென்று குறைகிறது, அங்கேயும் உருக வேண்டும். டேவிட் பெர்கோவிச்சியும் ஷுன்-இச்சிரோ கராட்டோவும் 2003-ல், அந்த உருகல் அடுக்கு மேலேறும் பாறையிலிருந்து பல தனிமங்களை வடிகட்டிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று ஒரு கருதுகோள் வைத்தார்கள். அழகான யோசனை. அழகாக இருப்பதாலேயே நான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கிறேன்.

துளை போட்டுப் பார்க்க முடியாத இடத்தில் ஈரத்தை அளக்க இன்னொரு வழி மின்சாரம். ஹைட்ரஜன் அணு சிறியது, படிகத்துக்குள் இடம் மாறித் தாவும், தாவும்போது மின்னூட்டத்தையும் கொண்டுபோகும். சூரியப் புயலால் பூமியின் காந்தப்புலம் ஆடும்போது நிலத்துக்குள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அதை மேலிருந்து அளந்து ஆழத்தின் மின்கடத்துத்திறனைக் கணக்கிடலாம். இதுவரை சரி. அந்த எண்ணைத் தண்ணீர் அளவாக மாற்ற ஆய்வக அளவீடு வேண்டும், அங்கேதான் தகராறு. 2005-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கராட்டோ குழு, 410-க்குக் கீழே சுமார் 0.1 முதல் 0.2 சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்றது. 2008-ல் ஜப்பானில் தகாஷி யோஷினோ குழு, அதே கனிமங்களை அளந்துவிட்டு, தண்ணீரே இல்லாமலும் அந்த மின்கடத்துத்திறன் வரும், அந்த வலயம் காய்ந்தே இருக்கலாம் என்றது. இரண்டும் ஒரே இதழில் வந்தவை.

கையில் கிடைக்கும் கல்லை அளப்பதும் அவ்வளவு சுலபமில்லை. அந்தத் தாவும் குணத்தால் ஹைட்ரஜன் ஓடிப்போகும். 1,000 டிகிரிக்கு மேல் ஒரு சிறிய ஒலிவின் மணி தன் ஈரத்தின் பெரும்பங்கைச் சில மணி நேரத்திலேயே இழந்துவிடக்கூடும். நான் லென்ஸில் பார்த்த பச்சை மணிகளும் கீழே இருந்தபோது என்ன வைத்திருந்தனவோ, அதை அப்படியே கொண்டுவந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சில்வி டெமூஷியும் அவர் கூட்டாளிகளும் 2006-ல் இந்தத் தொல்லையையே கருவியாக்கினார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள பட்டகோனியாவின் பாலி ஐக்கே எரிமலைப் பகுதியின் மணிகளில், விளிம்பில் ஹைட்ரஜன் குறைவாகவும் நடுவில் அதிகமாகவும் இருந்தது. அந்தச் சரிவின் வடிவத்திலிருந்து, மாக்மா 60, 70 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரச் சில மணி நேரமே ஆனது என்று கணக்கிட்டார்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம், அதுவும் நேர் செங்குத்தாக.

கடைசியாக, நான் இதுவரை எழுதியதில் பாதிக்கு அடித்தளமாக இருக்கும் விஷயத்துக்கே ஒரு சவால் இருக்கிறது. 2013-ல் ஜெர்மனியின் பைராய்த்தில் ஹோங்ஷான் ஃபெய் குழு, ஒலிவின் வகைப் படிகத்தில் சிலிக்கான் அணுக்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று அளந்தது. ஒலிவின் வளைந்து கொடுக்கும் வேகத்தைச் சிலிக்கானின் நகர்வுதான் கட்டுப்படுத்துகிறது என்பது பொதுவான புரிதல். தண்ணீரைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் அந்த வேகம் பெரிதாக ஏறவில்லை. ஆக மேல் மேன்டிலின் வலுவில் தண்ணீருக்கு அவ்வளவு பங்கில்லை, முந்தைய சோதனைகள் அதை மிகைப்படுத்திவிட்டன என்று எழுதினார்கள். கோல்ஸ்டெட் வழி வந்தவர்கள் இதை லேசில் ஏற்கவில்லை. ஒரு தரப்பு படிகத்தை நேரடியாக அழுத்தி வளைத்துப் பார்த்தது, ஆனால் பூமியில் நடப்பதைவிடப் பல நூறு கோடி மடங்கு வேகத்தில். இன்னொரு தரப்பு அணு நகர்வதை அளந்து, வளைவதை அதிலிருந்து ஊகித்தது. இரண்டிலும் அளந்ததிலிருந்து பூமிக்கு ஒரு தாவல் இருக்கிறது.

நான் சாய்வது ஹர்த், கோல்ஸ்டெட் பக்கம்தான். ஆய்வகக் கருவிகளின் மேல் உள்ள நம்பிக்கையால் இல்லை, தென்னாப்பிரிக்காவில் வைரங்களை மேலே கொண்டுவந்த பழைய எரிமலைக் குழாய்களில் வந்த பாறைகளால். காப்வால் என்ற அந்தப் பழங்கண்டத்துக்கு 200 கிலோமீட்டர் ஆழம் வரை வேர் போலத் தடித்த அடிப்பகுதி இருக்கிறது, பல நூறு கோடி வருடமாகக் கீழே ஓடும் மேன்டில் அதை அரித்துத் தின்னவில்லை. 2010-ல் ஆன் பெஸ்லியே குழு அந்த வேரின் அடியிலிருந்து வந்த ஒலிவினை அளந்தபோது, மேலே உள்ளதைவிட அடியில் உள்ளது அதிகம் காய்ந்திருந்தது, 10 லட்சத்தில் 10 பங்குகூட இல்லை. அரிப்பு வரும் பக்கத்தில் காய்ந்த, இறுகிய பாறை. ஃபெய் சொல்வது சரியென்றால் அந்த வறட்சிக்கும் வேர் தங்கியதற்கும் சம்பந்தமில்லாமல் போக வேண்டும். ஓடிப்போகும் ஹைட்ரஜனைப் பற்றி மேலே சொன்னதை இந்தக் கற்களுக்கும் கேட்கலாம்தான், கேட்டும் இருக்கிறார்கள். ஆனால் வழியில் ஓடிப்போனது என்றால் எல்லா ஆழத்துக் கற்களிலும் ஒரே மாதிரி ஓடியிருக்க வேண்டுமே, அடியில் உள்ளவை மட்டும் ஏன் காய்ந்திருக்கின்றன?